ஐந்தாவது வாரத்துக் கதை

பேப்பர் மாடிக்கு வந்து சேருவதற்குள் வசனக்காரர் கீழே இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கொண்டு கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முன்னறையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, துணிக்கடையிலிருந்து வந்த பேண்ட்டுகளுக்குக் கால் மடித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. அந்த வீட்டில் எல்லாருக்கும் அவள் அக்கா. இப்போது கூட இருக்கும் தங்கைக்கு மட்டுமல்ல, துணிக்கடைக்காரருக்கும் கீழ் வீட்டம்மாவுக்கும்கூட அக்காதான்.

“படி தேஞ்சா வீட்டு ஓனர் நம்மளத்தான் கேப்பார். பேப்பர் வந்தா கீழ இருந்து குரல் வராதா?”

“அந்தம்மா குறுக்கெழுத்துப் போட்டு முடிச்சாத்தான் பேப்பரே மேல வரும். இன்னிக்கு விமர்சனம் வருதுன்னு டைரக்டர் சொல்லியிருக்கார். எனக்கு இருப்புக்கொள்ளல.”

“போன தடவையும் இப்படித்தான் அலைஞ்சீங்க. வந்த பிறகு சாப்பிடாம கிடந்தீங்க.”

“அது விமர்சனமா? செருப்படி.”

“அதான் சொல்றேன். செருப்படிக்கு யாராவது இறங்கிப்போய் முதுகைக் காட்டுவாங்களா? மெதுவா வரட்டும்.”

சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த தங்கை சிரித்தாள். அக்காவின் கால் மெஷின் மிதியில் ஒரு நொடி நின்றது. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கிய பிறகு தங்கை சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான், கூட்டிக்கொண்டு போக. ‘வீட்டு விஷயம் வீட்டோட இருக்கணும். யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கக்கூடாது’ என்று தகவல் சொல்லி அனுப்பியிருந்தான். தங்கையும் சரி என்று சொல்லிவிட்டாள். இனி ஞாயிறு வரைக்கும் ஒரு தும்மல்கூடத் தப்பாக விழக்கூடாது என்று அக்கா பொத்திப் பொத்தி நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

வசனக்காரர் எழுதிக்கொண்டிருந்தது ‘வாரம் ஒரு வாசல்’ என்ற டிவி நாடகத் தொடர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும். வாரா வாரம் வேறு வீடு, வேறு குடும்பம், அன்றோடு முடிகிற கதை. நடிக்கிறவர்கள் மட்டும் அதே நாலைந்து பேர். பெரிய செலவுக்குச் சேனலில் ஆள் இல்லை. அதனால் வந்த வினை கொஞ்சமல்ல.

“போன வாரம் ஆத்துல விழுந்து செத்தாளே அந்தப் பொண்ணு, இந்த வாரம் டாக்டரா வந்து நிக்கிறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு” என்று கீழ் வீட்டம்மா மாடி ஏறி வந்தே கேட்டிருந்தாள். “வாடகைக்கு வந்தவன் மாதிரி வாரா வாரம் வீடு மாத்துறாரே உங்க வீட்டுக்காரர். ஒரு குடும்பத்தையாவது பழகவிட்டாரா? பாலைக் காய்ச்சுறதுக்குள்ள காலி பண்ணிடறார்.”

பேப்பர்காரர்கள் இன்னும் மோசம். முதல் வாரம், ‘மேடையை விட்டு இறங்காத வசனம்’. இரண்டாவது வாரம், ‘இந்த வீடுகளில் யாரும் பேசுவதில்லை, அறிக்கை வாசிக்கிறார்கள்’. அதற்குப் பிறகு எவரும் ஒன்றுமே எழுதவில்லை. திட்டுவதற்கும் ஆள் இல்லாமல் போனதுதான் வசனக்காரரை உலுக்கிவிட்டது.

“வந்துடுச்சு!” என்று கீழிருந்து குரல் வந்தது. போனார், வந்தார். முன்னறை நடுவில் நின்றுகொண்டு பேப்பரை விரித்தார். அவருக்குக் கண்ணால் படிக்க வராது, வாயால்தான் வரும். அதுவும் ஏற்ற இறக்கத்தோடு.

“‘நான்கு வாரங்களாக நம்மைச் சோதித்த வாரம் ஒரு வாசல், நாளைய ஐந்தாவது கதையில் திடீரென்று உயிர் பெற்றிருக்கிறது.’ கேட்டியா? உயிர் பெற்றிருக்கிறது! ‘பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டப்பட்ட இந்தக் கதையில் ஓர் இடம். கணவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வருஷக்கணக்காக அவன் பேசாத மனைவி எதிரே நின்று சொல்கிறாள்…’”

அடுத்து வரப்போவது என்னவென்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மெஷினை வேகமாக மிதித்தாள். கையில் துணியே இல்லை. வெறும் ஊசி தடதடவென்று இறங்கி ஏறியது. வசனக்காரர் அதற்கு மேல் குரலை உயர்த்தினார்.

“‘இந்த வீட்டுல என்னைக் கூப்பிடுறது குக்கர் ஒண்ணுதான். அதுவும் மூணு தடவைக்கு மேல கூப்பிடாது.’ அடடா! ‘இந்த ஒரு வரிக்காக மட்டும் முந்தைய நான்கு வாரங்களையும் மன்னிக்கலாம்.’ மன்னிச்சுட்டான்! ஏய், மெஷினை நிறுத்து. மன்னிச்சுட்டான்!”

சமையலறையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

அந்த வரி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். வசனக்காரர் எழுதி முடித்ததும் முன்னறையில் நடந்துகொண்டே எல்லாப் பாத்திரங்களையும் தானே பேசிக்காட்டுவார். பொம்பளை பேசுகிற இடம் வந்தால் தாளை அக்காவிடம் நீட்டுவார். அவள் தைத்தபடியே அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். மெஷின் ஓடும்போதே வாயில் வந்தால் அது பேச்சு. காலை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியிருந்தால் அது வசனம், அடித்து எழுத வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். ஐந்தாவது கதைக்கு அவர் எழுதியிருந்தது, ‘இந்த இல்லத்தில் என் குரலுக்கு எதிரொலிகூடக் கிடையாது.’

“எவ சொல்லுவா இதை?” என்று மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள் அக்கா. “எதிரொலியாம். ‘இந்த வீட்டுல என்னைக் கூப்பிடுறது குக்கர் ஒண்ணுதான், அதுவும் மூணு தடவைக்கு மேல கூப்பிடாது’ன்னுல்ல சொல்லுவா!”

ஷாக் அடித்த மாதிரி நின்றார் வசனக்காரர். உடனே எழுதிக்கொண்டார். அக்காவுக்கும் அன்று கொஞ்சம் பெருமைதான். தன் வாயில் இப்படியெல்லாம் வருகிறதே என்று.

பிறகு ஒரு நாள் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் சுரீரென்று பட்டது. வந்து இறங்கிய அன்று, கைகால்கூடக் கழுவாமல், தங்கை சொன்னது அது. ‘அவர்கிட்டயே சொல்லிட்டேன்க்கா. சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டேன்.’ அதற்குள் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. இந்த நாடகத்தை யார் பார்க்கிறார்கள் என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஒருத்தி வாரா வாரம் பார்த்துவந்தாள். தங்கையின் மாமியார். ‘நம்ம சம்பந்தி வீட்டு நாடகம்’ என்று வெள்ளிக்கிழமை தவறாமல், மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.

தங்கை டீயைக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேண்ட்டுக் குவியலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசி கோத்தாள்.

“டீ ஆறிடும்னு அக்காகிட்ட சொல்லுங்க மாமா” என்றாள்.

அக்கா ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

வசனக்காரரைத் துணி காயப்போடும் மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஈரத் துணியைப் பிடித்தபடி கேட்டார்.

“அப்ப அது நீ சொன்னது இல்லையா?”

“உங்களுக்கு இப்ப அதுவா முக்கியம்?”

“இல்ல… தெரிஞ்சா நான் எழுதியிருக்க மாட்டேன்.”

“பொய் சொல்லாதீங்க. எழுதிட்டுத்தான் வருத்தப்பட்டிருப்பீங்க. போன் பண்ணி அந்த வரியை வெட்டச் சொல்லுங்க.”

“பேப்பர்ல வந்துடுச்சேம்மா.”

“பேப்பரை அந்தாளு படிக்க மாட்டார். அவங்கம்மா டிவி பார்ப்பாங்க, அவரும் கூட உக்காருவார். அவ சொன்ன வார்த்தை அப்படியே வாய் மாறாம வந்து அவர் எதிரில நின்னா? ஊர் முழுக்கச் சொல்லிட்டாள்னு நினைக்க மாட்டாரா? ஞாயித்துக்கிழமை வருவாரா?”

வசனக்காரர் டைரக்டருக்குப் போன் செய்தார். அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டாள். அந்தப் பக்கம் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

“வெட்டணுமா? யோவ், அந்த ஒரு வரிக்காகத்தான் சேனல்ல இன்னும் நம்ம கழுத்துல கை வைக்காம இருக்கான். நாளைக்கு வெச்சிக்கிட்டு விளையாடாதய்யா. ஆளாளுக்குக் கேக்கறாங்க, இந்த வரி எங்கேருந்து பிடிச்சேன்னு. எங்கேருந்துதான் பிடிச்சே?”

“வீட்லேருந்து சார்” என்றார் வசனக்காரர். அக்கா அவர் தொடையில் கிள்ளினாள்.

அன்றைக்கு முழுக்க வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள், பேச்சு ஒற்றைக் காலில் நொண்டியது. “பட்டன் தீர்ந்துபோச்சுன்னு அக்காகிட்ட சொல்லுங்க மாமா.” “சாதம் ரெடின்னு சொல்லுங்க மாமா.” அக்கா நேராகக் கேட்டாலும் பதில் சுற்றிக்கொண்டுதான் வந்தது. கோபமாகக்கூட இல்லை அந்தக் குரல். அதுதான் பயமாக இருந்தது. மத்தியானம் தட்டில் சாதத்தைப் பிசைந்துவிட்டு அக்கா வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வேளைக்கே தொண்டையில் முள் மாதிரி நிற்கிறதே, இவள் இதை வருஷக்கணக்காக எப்படி விழுங்கினாள்?

சாயங்காலம் கீழ் வீட்டம்மா மேலே வந்துவிட்டாள், கையில் பேப்பரோடு.

“இத்தனை நாள் கேலி பண்ணினேன், மன்னிச்சுக்கோங்க. குக்கர்னு படிச்சதும் எனக்கு மனசே சரியில்ல. பக்கத்துத் தெருவுலகூடப் பேசிக்கிறாங்க. யாரோ அனுபவிச்சவ சொன்ன மாதிரி இருக்குக்கா. யாரு அது?”

“கற்பனைங்க” என்றாள் அக்கா.

“கற்பனைல குக்கர் கத்துமா?” என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் குனிந்து தைத்துக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தாள். “நாளைக்கு எங்க வீட்ல பெரிய டிவி. நீயும் வாம்மா.”

“வர்றேங்க” என்றாள் தங்கை, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா காலையில் ஒரே பேண்ட்டுக் காலை இரண்டு தடவை மடித்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். கரண்ட் போகட்டும். புயல் வரட்டும். சம்பந்தியம்மா வீட்டு டிவி புகைந்து போகட்டும். கண்ணில் பட்ட நல்லது கெட்டதையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள். தொடரே நின்றுபோகட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதோ ஜன்னலருகே உட்கார்ந்து ஆறாவது வாரத்துக்குத் தாள் நிரப்பிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு வேறு என்ன தெரியும்?

மத்தியானத்துக்குப் பிறகு போன் வந்தது. வசனக்காரர் எழுந்து நின்று பேசினார். “சரி சார்… இன்னிக்கேவா சார்?… இல்ல சார், புரியுது சார்…” போனை வைத்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த தாள்களை அடுக்கினார்.

“என்னங்க?”

“நிறுத்திட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலமே கிடையாது. நம்ம நேரத்துல பாட்டுப் போட்டி போடப் போறாங்களாம்.”

“விமர்சனம் அவ்வளவு நல்லா வந்துச்சே?”

“விமர்சனத்துக்கு யார் விளம்பரம் குடுப்பாங்கன்னு சேனல்ல கேட்டாங்களாம். இன்னும் ரெண்டு பேப்பர்ல நாளைக்குப் பாராட்டி வருதாம். வரட்டும். பொணத்துக்கு மாலை.”

அக்காவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் உருண்டு இறங்கியது. அப்பாடா என்று மூச்சு வெளியே வந்தேவிட்டது. அது அவர் காதில் விழுந்துவிட்டது என்பதை அவர் முகத்தில் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

“மாமா” என்றாள் தங்கை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். “அதுக்கு அவன் என்ன சொன்னான்?”

“யாரு?”

“நாடகத்துல. அவ அப்படிச் சொன்னதும் அவன் என்ன சொல்றான்? இன்னிக்குப் பார்த்துக்கலாம்னு இருந்தேன்.”

வசனக்காரர் தொண்டையைச் செருமினார். “ஒண்ணும் சொல்லலம்மா. கையைக் கழுவிட்டு எழுந்து போறான். காமிரா அவ முகத்துலயே நிக்குது. அப்படியே முடிஞ்சிடுது. அந்த விமர்சகர்கூட அந்த முடிவைத்தான் ரொம்ப…”

“அவருக்குப் பிடிக்கும். பார்த்துட்டு அவர் வீட்டுக்குப் போயிடுவார். அவ எங்க போவா? மறுநாள் காலைல அதே ஆளுக்கு அவதானே டீ போடணும்?”

வசனக்காரர் பேனா மூடியை மறுபடியும் அழுத்தினார்.

“கதையைப் பாதில விட்டுட்டு அதைப் பெருசா நினைச்சுக்கிறீங்க. பாலைக் காய்ச்சுறதுக்குள்ள காலி பண்றீங்கன்னு கீழ் வீட்டம்மா சொன்னதுல என்ன தப்பு?”

அக்கா அவள் கையைப் பிடித்தாள். “நான் வேணும்னு சொல்லலடி. சத்தியமா நினைப்பே இல்ல. வாய் சொல்லிடுச்சு.”

“தெரியும். உன் வாய் என்னிக்கு உன் பேச்சைக் கேட்டுச்சு?” நேற்றுக் காலைக்குப் பிறகு தங்கை அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அக்காவுக்குக் கண்ணீர் முட்டியது. “எனக்குக் கோவம் அதுல இல்லக்கா. வெட்டச் சொன்னியே. மொட்டைமாடியில நீ பேசினது படிக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு.”

“உனக்காகத்தானடி சொன்னேன்.”

“என்னைக் கேட்டியா? அந்த வீட்டுல நான் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தேன். அதையும் வெட்டணுமா?”

“ஞாயித்துக்கிழமை அவர் வரணுமே…”

“வரட்டும். வந்தா என்ன நடக்கணும்னுதான் யாருமே கேக்கலையே. வருவாரா, வருவாரான்னே எல்லாரும் பயந்துக்கிட்டிருக்கீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. அவன் வருவானா மாட்டானா என்று அக்கா ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக அலைந்தாள். வந்தான். சொட்டுகிற குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவருகே நின்றான். ஊமைக்கோட்டான் என்று அக்கா தனக்குள் பேர் வைத்திருந்த அந்த மனுஷன், பார்த்தால் பாவமாகத்தான் இருந்தான். சட்டைக் காலர் கசங்கி, ஒரு பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க” என்றார் வசனக்காரர், குரலில் இல்லாத உற்சாகத்தோடு. “மழை எப்படி?”

“பெய்யுது.”

தங்கை டீ கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி ஒரு வாய் குடித்தான். பிறகு அக்காவைப் பார்த்து, “சக்கரை போதும்னு சொல்லுங்க” என்றான். தங்கை அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி வசனக்காரரிடம் சொன்னான்.

“அம்மா கேட்டாங்க, நாடகம் ஏன் வரலைன்னு. அந்த வரி பேப்பர்ல வந்தது எனக்குத் தெரியும். ஆபீஸ்ல ஒருத்தர் படிச்சுக் காட்டினார்.”

வசனக்காரர் வாயைத் திறந்தார். “அது வந்து மாப்பிள்ளை, கதைன்னா… சும்மா நானா…”

“அவர் எழுதினது இல்ல” என்றாள் தங்கை. “நான் சொன்னது. உங்களுக்குத் தெரியும். உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்.”

அவன் நிமிரவில்லை. குடையை எடுப்பான், போய்விடுவான் என்று அக்கா நினைத்தாள். அவன் கை குடைப்பக்கம் போகக்கூடச் செய்தது. போய், முழங்காலுக்கே திரும்பி வந்தது.

“அக்கா, நீயும் மாமாவும் கொஞ்சநேரம் வெளிய இருங்க” என்றாள் தங்கை.

“மழை பெய்யுதேடி.”

“படியில கூரை இருக்கில்ல?”

கதவு சாத்திக்கொண்டது. இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். சாரல் காலில் அடித்தது. கீழ் வீட்டம்மா தலையை நீட்டி, “ஏங்க, மழைல உக்காந்திருக்கீங்க, என்ன ஆச்சு?” என்றாள். “காத்து வாங்குறோம்” என்றாள் அக்கா. கீழ் வீட்டம்மா வானத்தைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

உள்ளே முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு தங்கையின் குரல், சின்னதாக, ஒரு கேள்வி மாதிரி. பிறகு நீண்டநேரம் ஒன்றுமில்லை. அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இப்போது எழுந்துவிடுவான். இப்போது கதவைத் திறப்பான். விரல் நுனி வெளுத்துப்போனது. பிறகு, வசனக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

“அவன் பேசறான்.”

“பேசட்டும்.”

“என்ன சொல்றான்?” என்று அவர் இரண்டு படி மேலே நகர்ந்து கதவுப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

அக்கா சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். “வாங்க இப்படி. இதுல ஒரு எழுத்து நம்மளுது இல்ல.”

“கேக்கத்தானே செய்யறேன். எழுதவா போறேன்?”

“உங்களை எனக்குத் தெரியாது? என்னையும் எனக்குத் தெரியும்.”

ஒரு கையால் அவர் காதைப் பொத்தினாள். மறு கையால் தன் காதைப் பொத்திக்கொண்டாள். ஆளுக்கு ஒரு காது மிச்சம் இருந்தது. அதில் மழைதான் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், பழக்கமில்லாத வழியில் இருட்டில் நடக்கிறவனைப் போலத் தடவித் தடவி, ஓர் ஆம்பளைக் குரல்.